பொழி கேட்டு நடங்கள்: குமரி மாவட்டத்தின் வயலோர, கரையோர நடைகள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முனையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, கொஞ்சம் பாசிமணி, அப்புறம் ரயில். அந்த முனையிலிருந்து மேற்கே கேரள எல்லையில் இருக்கும் நீரோடி வரை சுமார் 60 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. கரையை விட்டு வடக்கே சில கிலோமீட்டர் நகர்ந்தால் நாஞ்சில் நாட்டு நெல்வயல்களும் குளங்களும். அதற்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. நடப்பதற்கென்றே அமைந்த மாவட்டம் தமிழ்நாட்டில் எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

இந்தப் பக்கம் இதுவரை நடந்து பழகாதவர்களுக்காக எழுதுகிறேன். வயல் நடை ஒன்றையும் கடற்கரை நடை ஒன்றையும் படிப்படியாகச் சொல்கிறேன். மற்றவற்றைப் பின்னால் சுருக்கமாகப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இங்கே உங்கள் பாதையை முடிவு செய்வது தண்ணீர். மலையில் பெய்த மழை கால்வாயாகவும் குளமாகவும் வயலாகவும் மாறிக் கடைசியில் கடலைத் தொடுகிறது. அது கடலைத் தொடும் வாய்க்குப் பொழி என்று பெயர். பொழிமுகம் என்றும் சொல்வார்கள். பொழி மூடியிருந்தால் மணல்மேல் நடந்து அடுத்த ஊருக்குப் போகலாம். திறந்திருந்தால் பாலத்தைத் தேடிச் சுற்றித்தான் போக வேண்டும். போனில் இருக்கும் மேப்புக்கு இது தெரியாது. போன மாதம் மணல்திட்டாக இருந்த இடத்தில் இந்த மாதம் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடும்.

எப்போது வருவது

குமரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டும் ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடு வரைதான் புதியவர்களுக்கு ஏற்ற காலம். குளங்கள் நிறைந்திருக்கும், காலைக் காற்றில் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும், கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் ஜனவரியில் பச்சையாக நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. ஜனவரியில் வந்தால் வழியெல்லாம் பனங்கிழங்கு கிடைக்கும். பனையேற்றம் தொடங்கிவிட்டால் அக்கானியும் நுங்கும் வரும். அக்கானி என்றால் பதநீர். இங்கே அப்படிக் கேட்டால்தான் உடனே புரியும்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் மட்டுமல்ல, கடலும் நம்ப முடியாதது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஜூன் தொடங்கிவிட்டால் மேற்குக் கரையில் அலை கல்சுவரைத் தாண்டி வீட்டு வாசல் வரை வரும் ஊர்கள் உண்டு. அந்த மாதங்களில் வயல் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடை விழா பத்து நாள் நடக்கும். கேரளத்திலிருந்தும் கூட்டம் வரும். அந்த நாட்களில் மேற்குப் பக்கப் பேருந்துகளில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது.

தங்குவதும் தூக்கிக்கொள்வதும்

கன்னியாகுமரியில் அறை எடுக்காமல் நாகர்கோவிலில் எடுங்கள். எல்லாக் கிராமங்களுக்கும் பேருந்து அங்கிருந்துதான் பிரிகிறது. வெளியூர்ப் பேருந்துகளுக்கு வடசேரி, உள்ளூர்ப் பேருந்துகளுக்குப் பெரும்பாலும் மீனாட்சிபுரத்தில் இருக்கும் அண்ணா பேருந்து நிலையம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காலையில் போகும் பேருந்தை மட்டும் விசாரித்தால் போதாது. நடை முடியும் ஊரிலிருந்து திரும்ப எப்போது வண்டி என்பதையும் நடத்துநரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

பையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு பருத்தித் துண்டு, கொஞ்சம் கடலைமிட்டாய், சில்லறை. செருப்பு விஷயத்தில் ஷூவைவிடப் பின்பட்டை உள்ள சாண்டல்தான் நல்லது. வரப்புச் சேற்றிலும் ஈரமணலிலும் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பீர்கள். கழிப்பறையைப் பேருந்து நிலையத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கரையோரம் வசதி குறைவு. நடக்கும் பெண்களுக்கு இது பெரிய சிரமம் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

முதல் நாள்: சுசீந்திரத்திலிருந்து தேரூர்

நேராகக் கடற்கரையில் தொடங்காதீர்கள். கால் பழகுவதற்குச் சமதளம் நல்லது. இந்த நடை மெதுவாகப் போனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்.

காலை 6 மணிக்கு நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் பேருந்தில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சுசீந்திரம் வந்துவிடும். தாணுமாலயன் கோயிலுக்குள் போக நினைத்தால் முதலிலேயே போய்விடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். இசைத்தூண்களையும் ஓங்கி நிற்கும் ஆஞ்சநேயரையும் அவசரமாகப் பார்க்க முடியாது. வெளியே வந்ததும் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தேரூர் போகும் வழியைக் கேளுங்கள். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இங்கிருந்து வயலும் குளமும் மாறி மாறி வரும். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் சேர்ந்த பறவைகள் சரணாலயம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்காக இங்கே பெரிய நுழைவாயிலையும் டிக்கெட் கவுன்ட்டரையும் எதிர்பார்க்க வேண்டாம். சாலையோரம் குளம், குளத்தில் தாமரை, தாமரை இலைமேல் இலைக்கோழி, அவ்வளவுதான். நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, நீலத் தாழைக்கோழி எல்லாம் சாதாரணமாகக் கண்ணில் படும். கூழைக்கடாவும் வரும். பறவை பார்க்க வேண்டுமென்றால் குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருப்பதால் நிறம் தெளிவாகத் தெரியும்.

சாலையை விட்டு வரப்பில் இறங்கும்போது சில விஷயங்கள். வயலில் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். "அண்ணே, இந்த வரப்புல போலாமா?" என்றால் போதும், அவரே நல்ல வழியைக் காட்டுவார். புதிதாக மண் அணைத்துப் பூசிய வரப்பில் காலே வைக்கக் கூடாது. மேலே காய்ந்ததுபோல் இருக்கும், மிதித்தால் சரிந்துவிடும், மடைத் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். ஒருவருடைய இரண்டு நாள் வேலையை ஒரு மிதியில் கெடுத்ததாகிவிடும். வரப்பு ஓர் அடி அகலம்தான் இருக்கும். எதிரே புல்லுக்கட்டோடு யாராவது வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும், சுமையில்லாதவர் நாம்தானே. வெளிச்சம் நன்றாக வந்த பிறகே வரப்பில் இறங்குங்கள். கண்ணாடி விரியன் இருக்கும் வயல்கள் இவை. ஒரு கம்பு வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டே போவது நல்லது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தேரூர், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர். பள்ளியில் அவர் பாட்டைப் படிக்காதவர் நம்மில் குறைவு. அந்தப் பாட்டில் வரும் தோட்டமும் கன்றும் எந்த மண்ணைப் பார்த்து எழுதியது என்பது இங்கே நடக்கும்போது தெரியும். ஊருக்குள் ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு நாகர்கோவில் பேருந்தைப் பிடித்துவிடலாம்.

இரண்டாம் நாள்: மணக்குடியிலிருந்து சங்குத்துறை

நேற்றைய வயல்களின் பக்கத்தில் ஓடிய பழையாறு கடலில் சேரும் இடம் மணக்குடி. அதனால்தான் இந்த இரண்டு நடையையும் அடுத்தடுத்து வைத்தேன். மணக்குடியிலிருந்து மேற்கே சொத்தவிளை, பள்ளம், சங்குத்துறை என்று ஏழெட்டுக் கிலோமீட்டர். தார்ச்சாலையில் இது ஒன்றரை மணி நேர நடை. மணலில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்காது. மாலையில் நடப்பதென்றால் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

காலை 6.30க்குள் மணக்குடிப் பாலத்தில் இறங்கிவிடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இங்கிருந்த பழைய பாலத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டது. இப்போதிருப்பது அதற்குப் பின் கட்டியது. பாலத்தின் நடுவில் நின்று வடக்கே பார்த்தால் காயல், அலையாத்திச் செடிகள், தென்னை, அதற்குப் பின்னால் மலை. பழையாறு அந்த மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. தெற்கே பார்த்தால் பொழி.

பொழியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான், பத்து நிமிஷம் நில்லுங்கள். ஆற்றுத் தண்ணீர் பழுப்பாகவும் கடல் தண்ணீர் பச்சையாகவும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் நுரை ஒரு கோடாக நின்றால் ஓட்டம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். மணல்திட்டின் ஓரம் செங்குத்தாக அறுபட்டிருந்தால் அது புதிதாக உடைந்த பொழி. அதன் ஓரத்தில் நின்றாலே மணல் காலோடு சேர்ந்து சரியும். ஓரம் சரிவாக, வழவழப்பாக, நண்டு வளைகளோடு இருந்தால் பொழி மூடிச் சில நாளாகியிருக்கும். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் ஊர்க்காரர்களே மணலை வெட்டிப் பொழியைத் திறந்துவிடுவார்கள். இல்லையென்றால் வெள்ளம் பின்வாங்கி வயலுக்கும் வீட்டுக்கும் ஏறும். வெட்டிய அன்று சிறு வாய்க்காலாகத் தெரிவது சில மணி நேரத்தில் ஆறாகிவிடும். முழங்கால் தண்ணீர்தானே என்று எந்தப் பொழியிலும் இறங்கிக் கடக்காதீர்கள். ஓட்டம் கடல் பக்கம் இழுக்கும், காலடியில் மணல் நிற்காது. வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "பொழி திறந்து கெடக்கா?" என்று கேட்டால், அன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

பாலத்தின் மேற்குப் பக்கம் இறங்கி மேலமணக்குடி வழியாகக் கடற்கரைக்கு வாருங்கள். இந்தக் கரை சமமாக இருக்காது, கடலை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ஒரே பக்கமாக நடந்துகொண்டே இருந்தால் இடுப்பும் கணுக்காலும் வலிக்கும். அலை வந்து போன ஈரமணலின் மேல் விளிம்பில் நடங்கள். அங்கே மணல் கெட்டியாகவும் சரிவு குறைவாகவும் இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை மேலே ஏறிக் காய்ந்த மணலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் தொடருங்கள். பெரிய கல் போட்டு கடலரிப்புத் தடுப்பு கட்டிய இடங்களும், கடலுக்குள் நீளும் கல்வரிசைகளான தூண்டில் வளைவுகளும் வரும். கல்மேல் ஏறித் தாண்டலாம் என்று தோன்றும், வேண்டாம். பாசி பிடித்த கல் வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் வெளியே எடுப்பது கஷ்டம். அங்கே ஊர்த்தெருவுக்குள் வந்து, அடுத்த சந்து வழியாக மறுபடி மணலுக்கு இறங்குங்கள். தெருவழியே போவதிலும் ஒரு லாபம் உண்டு. மீன் காயப்போடுவது, வலை தைப்பது, குருசடி (சிலுவை வைத்த சிற்றாலயம்) வாசலில் பேச்சு என்று ஊரே காலையில் வெளியில்தான் இருக்கும்.

சொத்தவிளை அகலமான, நீளமான கடற்கரை. விடுமுறை நாட்களில் குடும்பங்கள் வரும். காலை 8 மணிக்குக் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் பசியோடு வராதீர்கள்.

வழியில் எங்காவது கரமடி என்ற கரைவலையை இழுப்பதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் அன்றைய நடையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பாருங்கள். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலுக்குள் அரைவட்டமாக விட்டு, இரண்டு கயிற்று முனைகளையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு கூட்டம். எல்லோரும் கடலைப் பார்த்தபடியே பின்பக்கமாக அடியெடுத்து வைத்துக் கயிற்றை இழுத்து மேட்டுக்கு ஏறுவார்கள். மேலே போய்ச் சேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து, தண்ணீர் ஓரத்தில் முதல் ஆளாக மறுபடி பிடிப்பார். இழுவை ஒரு நிமிஷம்கூட நிற்காது. தூரத்தில் இருந்த இரண்டு கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். பருந்துகள் மேலே வட்டமிடத் தொடங்கினால் மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நெத்திலியும் சாளையும் துள்ளத் துள்ள மடியை மணலுக்கு ஏற்றியதும் அங்கேயே ஏலம். சில நாள் அத்தனை பேர் உழைப்புக்கும் ஒரு கூடை மீன்கூடத் தேறாது. அன்று போட்டோவுக்கு நிற்கச் சொல்லாதீர்கள். எந்த நாளிலும் கயிற்றைத் தாண்டிக் குறுக்கே போகக் கூடாது, விரித்துக் கிடக்கும் வலையை மிதிக்கக் கூடாது. சுற்றிப் போக நேரமாகும், ஆகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்களில் பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள். வள்ளங்கள் கரையில் இருக்கும், எல்லோரும் கோயிலில், அதாவது சர்ச்சில், இருப்பார்கள். அமைதியாக நடக்க வேண்டும் என்றால் ஞாயிறு வாருங்கள், தொழிலைப் பார்க்க வேண்டும் என்றால் மற்ற நாள்.

சங்குத்துறையில் நடையை முடித்துக்கொள்ளுங்கள். பேருந்து உடனே இல்லையென்றால் ஆட்டோவில் ஈத்தாமொழி வரை வந்துவிட்டால் நாகர்கோவிலுக்கு வண்டி கிடைக்கும். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அங்கே இளநீர் குடிக்காமல் வராதீர்கள். மதியம் நாகர்கோவிலில் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் கிடைக்கும் சின்னக் கடையாகப் பார்த்து உட்காருங்கள். வாழைப்பழம் வாங்கும்போது மட்டிப் பழம் கேளுங்கள். விரல் நீளப் பழம், நல்ல மணம்.

கடலில் இறங்கலாமா

புதியவர்கள் இறங்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். கரை சட்டென்று ஆழமாவதால் அலை கரையிலேயே மடிந்து விழுந்து, திரும்பும்போது காலை வாரி இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களையும் இது விடாது.

ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்ற ஒன்று வரும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்று எழுப்பும் அலை பல நாள் பயணம் செய்து இந்தக் கரையில் ஏறும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். திடீரென்று கடல் பொங்கி மணலைத் தாண்டி வரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. ஐந்து பேரும் இறந்துபோனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. உள்ளூர்ச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வரும். நடைக்கு முந்தைய இரவு அதைப் பார்க்காமல் தூங்காதீர்கள். எச்சரிக்கை இருந்தால் மணலில்கூட நடக்க வேண்டாம், தேரூர்ப் பக்கம் போய்விடலாம். கடலில் யாராவது சிக்கினால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. அதைவிட வேகமாக உதவிக்கு வருபவர்கள் பக்கத்தில் இருக்கும் மீனவர்கள்தான். குரல் கொடுங்கள், நீங்களே குதிக்காதீர்கள்.

இன்னும் நாள் இருந்தால்

முனைக்கு வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் டச்சுக்காரர் டிலனாய் மேற்பார்வையில் வலுப்பெற்ற கருங்கல் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானவர் அவர். கோட்டை மதில்மேல் நடந்துவிட்டுப் பக்கத்துக் கருமணல் கரையில் இறங்கலாம். வெயில் ஏறினால் அந்த மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

பொத்தையடி பக்கம் மருந்துவாழ்மலை ஏற நல்ல மூச்சும் ஒரு காலைப் பொழுதும் வேண்டும். உச்சியிலிருந்து கடல், உப்பளம், வயல், காற்றாலை எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். அங்கே குரங்குகள் உண்டு, உணவுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். இறங்கியபின் சாமிதோப்புப் பக்கம் உப்பளங்களைச் சுற்றி நடந்தால், நேரம் வாய்த்தால் பூநாரைகளைப் பார்க்கலாம்.

முட்டம் மாலைக்கு உரிய இடம். கலங்கரை விளக்கமும் செம்மண் மேடும் பாறைகளும் இருக்கின்றன. பாறை நுனிக்குப் போய் செல்ஃபி எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முட்டத்திலிருந்து மேற்கே மணவாளக்குறிச்சி. அங்கே மணலைக் கையில் அள்ளி விரல் இடுக்கில் விட்டுப் பாருங்கள், வெள்ளை முதலில் நழுவிக் கறுப்பு கனமாகத் தங்கும். இல்மனைட், மோனசைட் போன்ற தாதுக்கள் நிறைந்த மணல் அது. மத்திய அரசின் ஆலை அங்கேதான் இருக்கிறது.

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலில் சேர்கிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்ட வர்மா) கால்வாயின் மிச்சத்தை அந்தப் பக்கம் பார்க்கலாம். பல இடங்களில் தூர்ந்தும் செடி மூடியும் கிடக்கிறது. படகு போன கால்வாயை இப்படி விட்டுவைத்திருப்பது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். கரையோரம் தென்னை நிழல் இருப்பதால் பகல் 10 மணிக்குக்கூட நடக்க முடிகிற சில பாதைகளில் இதுவும் ஒன்று.

கடல் வேண்டாம் என்றால் மாத்தூர்த் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் வாய்க்கால் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும் பாலம், 1966இல் கட்டியது. பக்கவாட்டு நடைபாதையில் மறுமுனை வரை நடக்கலாம், தலைசுற்றுகிறவர்கள் படிவழியாக ஆற்றுக்கு இறங்கிக் கீழிருந்து பார்க்கலாம். அன்றைக்கே சிதறால் மலையையும் சேர்த்துக்கொள்ள முடியும். சமணப் பள்ளி இருந்த குன்று அது, மேலே வரை கல் பாவிய பாதை. சிதறாலைக் காலையிலும் மாத்தூரை அதற்கப்புறமும் வையுங்கள். குன்றில் நிழல் குறைவு. இரண்டுக்கும் மார்த்தாண்டத்திலிருந்து பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. ஒருமுறை ஆட்டோ பேசி இரண்டையும் முடித்துக்கொள்வது எளிது. காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கட்டணம் பேசிவிட்டு ஏறுங்கள்.